எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை

கொங்கு நாட்டுக் கறிச்சாப்பாட்டுக் கடைகளுக்கு வயது ஏறும் வேகம் மனிதர்களுக்கு ஏறுவதில்லை. போன வருஷம் 'முப்பது ஆண்டுப் பாரம்பரியம்' என்று பலகை மாட்டியிருந்த கடை, இந்த வருஷம் வெள்ளையடித்ததும் 'மூன்று தலைமுறை' ஆகிவிடுகிறது. இன்னொரு முறை பெயின்ட் அடித்தால், திப்பு சுல்தான் படையே இங்கேதான் கை நனைத்துவிட்டுப் போனது என்று எழுதினாலும் எழுதுவார்கள். ஒருவர் 'ஒரிஜினல்' என்று போட்டால் எதிர்வரிசைக்காரர் 'ஒரிஜினல் பழைய' என்று போடுகிறார். இரண்டுக்கும் நடுவில் பஞ்சர் ஒட்டுகிற பெரியவர் ஒருத்தர்தான் உண்மையிலேயே பழையவர். அவருக்குப் பலகையே இல்லை.

எது மூத்த கடை என்ற இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கக் கையில் ஓர் ஆவணம் இருக்கிறது. புறநானூறு, 150ஆம் பாட்டு. அதன்படி இந்தப் பக்கத்தின் மிகப் பழைய சுட்ட கறிக்கடை ஏறத்தாழ ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால், தோட்டி மலைக் காட்டில், ஒரு பலா மரத்தடியில் நடந்தது. முதலாளி கண்டீரக் கோப்பெருநள்ளி. வாடிக்கையாளர் வன்பரணர் என்ற புலவர். திறந்திருந்தது ஒரே ஒரு வேளை.

தோட்டி மலை நீலகிரிப் பக்கம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. "நீலகிரி எப்படிங்க கோயமுத்தூர்க் கணக்குல வரும்?" என்று கேட்பவர்களுக்கு: 1868 வரை நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. ஆக, கடை நம்முடையது. வரி பாக்கி இருந்தால் அதுவும் நம்முடையது.

நடந்ததை வன்பரணரே சொல்லியிருக்கிறார். நான் வரிசை மாற்றாமல் சொல்கிறேன். இடையில் வரும் கொங்குப் பேச்சு மட்டும் என் கைச்சரக்கு.

வன்பரணருக்கு அப்போது நேரம் சரியில்லை. கட்டியிருந்த துணி, கூதிர் காலத்துப் பருந்தின் சிறகு மாதிரிக் கிழிந்து தொங்குகிறது. இந்த உவமையை அவரே தன் வேட்டிக்குச் சொல்லிக்கொள்கிறார். பசியிலும் தொழிலை விடவில்லை. கூடவே பெரிய சுற்றம். அந்தக் காலத்தில் புலவரும் பாணரும் ஊர்விட்டு ஊர் போனால் தனியாகப் போவதில்லை. அண்ணன், தம்பி, மச்சான், யாழ் தூக்குகிறவன் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடுதான் புறப்படுவார்கள். வேன்தான் இல்லை. நடந்து நடந்து ஓய்ந்து, பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எதிரே ஒருவன் வருகிறான். கையில் வலுவான வில். மான் கூட்டத்தை அடித்துவிட்டு வந்ததால் காலில் கழலெல்லாம் ரத்தம். தலையில் ஒரு மணி பளபளக்கிறது. இன்று அந்தக் கோலத்தில் ஒருவன் காட்டுக்குள் எதிரே வந்தால் நாம் எங்கே ஓடுவது என்றுதான் பார்ப்போம். புலவர் எழுந்து கும்பிட்டார். பசித்தவன் கண்ணுக்கு ரத்தம் தெரிவதில்லை, கறி தெரிகிறது.

வந்தவன் கையைக் கவித்துக் காட்டினான். "அட, எந்திரிக்காதீங்க சாமி. உக்காருங்க."

அடுத்து நடந்ததுதான் எல்லா ஓட்டல்களிலும் இன்றுவரை நடப்பது. ஆட்கள் வரவில்லை. அவனோடு வேட்டைக்கு வந்த இளைஞர்கள் காட்டில் வழி தவறிவிட்டார்கள். "பசங்க இப்ப வந்துருவாங்க, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த முதலாளிகளில் பாதிப்பேர் அதைத்தான் செய்வார்கள். இவன் காத்திருக்கவில்லை. தீக்கடைகோலை எடுத்தான், தானே தீ மூட்டினான், நெய் உறைந்தது போல வெள்ளைக் கொழுப்பு படர்ந்த மான்கறித் துண்டத்தை மளமளவென்று சுட்டான். "உங்க சாதிசனத்தோட சேர்ந்து தின்னுங்க" என்று நீட்டினான்.

இஞ்சி பூண்டு விழுது கிடையாது. ஊறவைத்தது கிடையாது. தயிர், எலுமிச்சை எதுவும் பாட்டில் வரவில்லை. மிளகாய் வாங்கிவர ஆள் அனுப்பியிருந்தால் அவன் ஆயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்துத்தான் திரும்பியிருப்பான். போர்த்துக்கீசியர் கப்பலில் அது வந்து சேர்ந்ததே 16ஆம் நூற்றாண்டு. நெருப்பு, கறி, பசி, இந்த மூன்றில்தான் சமையல். புலவர் அமுதம் போல இருந்தது என்கிறார். குடிநீர், பக்கத்துப் பாறையிலிருந்து விழுந்த அருவி. பாட்டில் தண்ணீருக்குத் தனியாகக் காசு வாங்கியதாகத் தகவல் இல்லை.

பில் வரும் இடத்தில்தான் கதை தலைகீழாகிறது. புலவர் புறப்படப் பார்க்கிறார். கடைக்காரன் தன் கழுத்து ஆரத்தைக் கழற்றுகிறான், முன்கைக் கடகத்தைக் கழற்றுகிறான், இரண்டையும் அவர் கையில் வைக்கிறான். கொடுக்கும்போதே மன்னிப்பும் கேட்கிறான்: "நாங்க காட்டு நாட்டுக்காரங்க. வேற நல்ல நகை ஒண்ணும் கையில இல்லீங்க."

புலவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். எந்த நாடு என்று கேட்டார். சொல்லவில்லை. நீங்கள் யார் என்று கேட்டார். பேரும் சொல்லவில்லை. பிறகு வழியில் கண்டவர்கள் சொல்லித்தான், அவன் தோட்டி மலைத் தலைவன், கடையெழு வள்ளல்களில் ஒருவனான நள்ளி என்று தெரிந்தது.

இந்த இடத்தில் என் மனசாட்சிக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மலையடிவாரம் இன்று முதுமலை. 1940இல் அது சரணாலயம் ஆயிற்று. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று நள்ளி அதே மானைச் சுட்டிருந்தால் ஆரம், கடகம், வில், மிச்சக் கறி எல்லாமே மேசைமேல் வரிசையாக வைக்கப்பட்டு, பின்னால் நள்ளி தலைகுனிந்து நிற்க, வனத்துறையினர் எடுத்த படம் மறுநாள் நாளிதழில் வந்திருக்கும். படத்தின் ஓரத்தில் உடந்தையாக ஒரு புலவர்.

நள்ளி ஏன் பேரைச் சொல்லவில்லை? தமிழாசிரியர்கள் பெருந்தன்மை என்பார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ அதில் கொஞ்சம் தற்காப்பும் இருந்ததாகப் படுகிறது. முகவரி தெரிந்தால் அடுத்த வாரம் தமிழகத்துப் புலவர் அத்தனை பேரும் சுற்றத்தோடு வந்து நிற்பார்கள். எப்படியோ விஷயம் கசிந்து, அவர்கள் வந்தும் விட்டார்கள். அதற்கு முந்தைய 149ஆம் பாட்டில் வன்பரணரே அதன் விளைவைச் சொல்கிறார். நள்ளி போட்ட சோற்றில் பாணர்களுக்குப் பண்ணின் நேரமே மறந்துபோயிற்றாம். காலையில் வாசிக்க வேண்டிய மருதத்தை மாலையில் வாசிக்கிறார்கள்; மாலைக்குரிய செவ்வழியைக் காலையில் வாசிக்கிறார்கள். உரைகாரர்கள் இதை வள்ளன்மையின் சிறப்பு என்று விளக்குவார்கள். கிடா விருந்துக்குப் போய்வந்த எவரும் இதை வேறுவிதமாகப் புரிந்துகொள்வார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் ஆறு மணிக்குக் கண் விழிக்கிறார். வெளியே அரைவெளிச்சம். இது காலை ஆறா, மாலை ஆறா? பல் விளக்குவதா, காபி கேட்பதா? அந்த நிலையில் கையில் யாழைக் கொடுத்தால் எந்தப் பண் வருமோ அதுதான் வரும்.

நள்ளியின் காட்டுக்கு நெய்யிலும் பேர் இருந்தது. குறுந்தொகை 210இல், விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு, நள்ளியின் காட்டு இடையர்களின் பசு நெய்யோடு தொண்டி நெல்லுச் சோற்றை ஏழு கலத்தில் வைத்தாலும் போதாது என்று ஒரு தோழி சொல்கிறாள். அதைப் பாடியவருக்குக் காக்கைபாடினியார் என்றே பேர் நிலைத்துவிட்டது. ஒரு காக்கைக்கு ஏழு கலம் என்றால் மனிதருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊத்துக்குளி வெண்ணெய்க்காரர்கள் இந்தப் பாட்டைத் தங்கள் டப்பாவில் ஏன் இன்னும் அச்சடிக்கவில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

நள்ளியை விட்டுக் கீழே இறங்கினால் கரூர். சேரர் தலைநகரான வஞ்சி எது, கரூரா கொடுங்கல்லூரா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கரூருக்குப் பக்கத்தில் புகலூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் சேர மன்னர்களான இரும்பொறைகளின் பேர் இருப்பதால் நான் கரூர்க் கட்சி. அங்கே செல்வக் கடுங்கோ வாழியாதன் என்ற சேரன் ஒருநாள் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னங்க, கை இவ்வளவு மெத்துன்னு இருக்குது?" என்று வியந்தான். கபிலர் கொடுத்த பதில் புறநானூற்றில் 14ஆம் பாட்டாக இருக்கிறது. உன் கை யானையை அடக்குகிறது, வில்லை வளைக்கிறது, வந்தவர்க்குக் கொடுக்கிறது, அதனால் காய்த்துப்போனது. எங்கள் கைக்கு என்ன வேலை? பச்சை இறைச்சியின் வாடை போக, பூ மணக்கும் புகையூட்டிச் சமைத்த கறியையும் சோற்றையும் தின்று வருந்துவதுதான் வேலை. வேறு தொழில் தெரியாது. அதனால் மெத்தென்று இருக்கிறது.

இறைச்சிக்குப் புகையூட்டுவது என்னவோ அமெரிக்காவில் டெக்சஸ்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியம், தின்பதையே 'வருந்தும் தொழில்' என்று ராஜாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதற்குச் சம்பளமும் வாங்கியவர் கபிலர். சம்பளம் சாதாரணமில்லை. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தைப் பாடியதற்கு நூறாயிரம் காணமும், நன்றா என்ற குன்றின்மேல் ஏறிநின்று கண்ணுக்குத் தெரிந்த நாடெல்லாமும் அந்தச் சேரன் கொடுத்தான் என்று அதன் பதிகம் சொல்கிறது. இன்றைக்கு ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு வீடியோ போடுகிற தம்பிகள் ஒரு பிளேட் சுக்கா இலவசமாகக் கிடைத்தாலே பூரித்துப்போகிறார்கள். பேரம் பேசத் தெரியவில்லை.

சோழ நாட்டிலும் இதே கூத்துதான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கறியை ராத்திரி பகலாகத் தின்னக் கொடுத்ததில், உழுது உழுது தேய்ந்த கொழு மாதிரிப் பல் மழுங்கிவிட்டது என்று பொருநன் ஒப்பாரி வைக்கிறான். மூச்சுவிட இடமில்லாமல், போதும் சாமி, ஊருக்கு அனுப்புங்கள் என்கிறான். இத்தனை ஊனும் ஓலைச்சுவடியில் செல்லரித்துப் போகாமல் நமக்குக் கிடைத்தது எப்படி? புறநானூற்றை 1894இல் அச்சேற்றியவர் உ.வே.சாமிநாதையர். வாழ்நாளில் கறியைத் தொடாத ஒருவர், எந்தத் துண்டம் எந்தக் கம்பியில் எப்படிச் சுடப்பட்டது என்று பாடபேதம் பார்த்துச் சரிசெய்து, அரும்பதத்துக்குக் குறிப்பும் எழுதினார். தமிழ்நாட்டு அசைவச் சமையலுக்கு அவரளவுக்கு உழைத்த சைவர் இல்லை. கறிக்கடைகளில் முருகன், மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் தலைப்பாகையோடு அவர் படத்தையும் மாட்டலாம்.

பிறகு கொங்கு நாட்டைக் கங்கர், சோழர், பாண்டியர், ஒய்சளர், விஜயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூர்க்காரர் என்று வரிசையாக ஆண்டார்கள். இதை விவரமாகச் சொன்னால் கறி ஆறிவிடும். வெள்ளைக்காரன் வந்ததில் ஒரே ஒரு விஷயம் மட்டும் நம் கதையைச் சேர்ந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். ஏறியவர் குளிர் நன்றாக இருக்கிறதே என்று அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட ஏற்பாடு செய்தார். மான்கறி சுட்டுப் போட்ட மலையில் முட்டைக்கோஸ். நள்ளி இருந்திருந்தால் அதையும் கழுத்து ஆரத்தோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருப்பான்.

சுடுகிற பழக்கம் மட்டும் கொங்கு வீடுகளை விட்டுப் போகவே இல்லை. நாட்டுக்கோழியை உரித்தெடுத்து அப்படியே குழம்பில் போட்டால் பழைய ஆத்தாமார்கள் ஒத்துக்கொள்வதில்லை. இறகு பிடுங்கிய கோழிக்கு மஞ்சளை அழுந்தத் தடவி, காய்ந்த ஓலையைக் கொளுத்தி, காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வாட்ட வேண்டும். மிச்ச மயிர் பொசுங்கித் தோல் இறுகிப் பொன்னிறமாகும். அடியில் கொழுப்பு சொட்டித் தீ ஒரு கணம் சீறும். அந்த வாசம் தெருமுனை தாண்டும். அண்டைவீட்டார் அன்றைக்கு ஏதாவது ஒரு சாக்கில் கிண்ணத்தோடு வருவார்கள். ஆட்டுத்தலைக்கும் காலுக்கும் இதே கவனிப்புதான். மீந்த கறி மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கி, உப்புக்கண்டமாகும். காக்கைக்குப் பயந்து அதற்கு ஒரு பேரனைக் காவல் வைப்பார்கள். பேரன் காவல் காத்த நாளில் கண்டம் எடை குறைவதற்குக் காக்கை காரணமில்லை.

மிளகாய் வந்த பிறகு வந்ததுதான் காவிரிக்கரைப் பள்ளிபாளையத்துக் கோழி. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், தறிச்சத்தம் ஓயாத ஊர். இரும்புச் சட்டியில் எண்ணெய், அதில் உரித்த சின்ன வெங்காயம், விதை நீக்கிக் கிள்ளிப்போட்ட காய்ந்த மிளகாய், மஞ்சள், உப்பு, எலும்போடு பொடியாக வெட்டிய கோழி, கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். தண்ணீரை ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். மசாலாப் பொடியைக் காட்டினாலே பள்ளிபாளையத்தார் கோபிப்பார்கள். தொன்றுதொட்டு வரும் பாரம்பரியச் சமையல் என்று நாம் மார்தட்டுகிற இந்தச் சட்டியில் மிளகாயும், எண்ணெய் கடலை எண்ணெய் என்றால் அந்தக் கடலையும், அமெரிக்கக் கண்டத்து வந்தேறிகள். அதனால் என்ன? ஐந்து நூற்றாண்டு இங்கே இருந்தால் நம்ம ஊர்க்காரர்தான்.

ஓட்டல் என்று காசு வாங்கிச் சோறு போடும் காலம் ரொம்பப் பிந்தியது. ஈரோட்டில் குப்பண்ணா மெஸ் 1960இல் தொடங்கியது. அது ஜூனியர் குப்பண்ணா ஆகிக் கடல் கடந்தும் போய்விட்டது. கொங்குக்குத் தெற்கே திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் திறந்தார். அவர் தலையில் எப்போதும் தலைப்பாகை இருந்ததால் சனங்கள் ஆனந்த விலாஸை மறந்துவிட்டு அதை 'தலப்பாகட்டி' ஆக்கினார்கள். பிற்பாடு அந்தப் பேர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பேருக்காக வக்கீல் வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை, வியாபாரம் அப்படி. தலையில் மணி கட்டியிருந்த நள்ளியிடம் பேரைக் கேட்டும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். அவன் சொல்லியிருந்தால் 'நள்ளி', 'ஸ்ரீ நள்ளி', 'ஒரிஜினல் நள்ளி', 'நியூ ஒரிஜினல் நள்ளி' என்று மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க நாற்பது கடை இருந்திருக்கும்.

அவனுக்கு நேர் வாரிசு யார் என்று என்னைக் கேட்டால், பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்தில் இருக்கும் யு.பி.எம். நம்ம வீட்டுச் சாப்பாட்டைத்தான் காட்டுவேன். அது சின்ன ஊர். கார்கள் மட்டும் கோயமுத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து நிற்கும். ஒரு இலைக்கு ஒரே விலை. ஆடு, கோழி, காடை, வான்கோழி, மீன் என்று சோறு விழ இடமில்லாத அளவுக்கு இலை நிரம்பும். (வான்கோழியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நமக்கு அமெரிக்க விசா கிடைக்காவிட்டாலும் அங்கிருந்து வருவது நிற்கவில்லை.)

கோவையில் இப்போது மேசை நடுவே கரி அடுப்பைப் பதித்துக் குச்சியில் கறி சுட்டுத் தரும் குளிர்சாதன உணவகங்கள் வந்திருக்கின்றன. அங்கே மேசையில் ஒரு குட்டிக்கொடி இருக்கும். அதை இறக்கிவிட்டால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். கொங்குப் பந்தியில் இந்த ஏற்பாடு செல்லாது. போதும் என்று கையை இலைக்குக் குறுக்கே நீட்டினால் விரல் சந்தில் குழம்பு விழும். எழுந்து நின்றால், "ஏனுங்க, ரசமே ஊத்துலீங்களே, அதுக்குள்ள எந்திரிச்சா எப்படிங்க?" என்று தோளைப் பிடித்து உட்கார வைப்பார்கள். எல்லாம் போட்டு, நாம் மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரம்மா வந்து சொல்வார்: "பெருசா ஒண்ணும் செய்யலீங்க கண்ணு. ஏதோ நம்ம காட்டுல இருக்கறதை வெச்சோம்."

ஆரமும் கடகமும் கழற்றிக் கொடுத்தபோது நள்ளி சொன்னதும் இதையேதான். கொங்குக்காரரிடம் சாப்பாட்டை எடைபோட ஒரு வழி இதிலிருந்து கிடைக்கிறது. 'வந்து பாருங்க, பிரமாதமா இருக்கும்' என்று அழைப்பவர் வீட்டில் சாதாரணமாகச் சாப்பிடலாம். 'ஒண்ணுமில்லீங்க, சும்மா வந்து தலையைக் காட்டிட்டுப் போங்க' என்பவர் வீட்டுக்கு முதல்நாள் ராத்திரியே பட்டினி கிடந்து போக வேண்டும்.

சீனாபுரத்துக்கோ வேறெந்த நல்ல மெஸ்ஸுக்கோ ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் பந்திக்குக் காத்திருக்கத் தயாராகப் போங்கள். நள்ளியின் பாட்டு மொத்தமே 28 வரி. இலை விழுவதற்குள் உரையோடு படித்து முடித்துவிடலாம். சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நடக்காது.